கல்யாண டிவிடி, பழைய விசிடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, வீட்ல பழைய டிவிடி கிடந்தா இப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கோங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. முக்கால்வாசி கல்யாண டிஸ்க் பத்திதான், மீதி சினிமா டிஸ்க் பத்தி. அதனால இந்த தடவை முழுக்க அதேதான்.

எங்க கல்யாணம் 2007ல நடந்துச்சு, ரெண்டு டிவிடி குடுத்தாங்க. பிளேயர் ரிப்பேர் ஆகி ரொம்ப நாளாச்சு, புது லேப்டாப்ல டிஸ்க் போடுற இடமே இல்ல. பொண்ணு பார்க்கணும்னு கேக்குறா. போன்லயும் டிவிலயும் ஓடுற மாதிரி மாத்த முடியுமா சார்? கடையில குடுத்தா தொலைச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு.
*வாசகி, தஞ்சாவூர்*

கடையில குடுக்கவே வேணாம்மா, வீட்லயே முடிச்சுடலாம். யுஎஸ்பி ஒயர்ல சொருகுற மாதிரி தனி டிவிடி டிரைவ் கம்ப்யூட்டர் கடையில கிடைக்கும், அதை ஒண்ணு வாங்குங்க, இல்ல சொந்தக்காரங்க யார்கிட்டயாவது பழைய டெஸ்க்டாப் கிடந்தா அதுல இருக்குற டிரைவே போதும். லேப்டாப்ல சொருகும்போது நடுவுல ஹப் எதுவும் வைக்காம நேரா சொருகுங்க, கரன்ட் பத்தலன்னா டிரைவ் சுத்த ஆரம்பிச்சு நின்னு நின்னு போகும், டிஸ்க்தான் போயிடுச்சுன்னு நாம பயந்துடுவோம்.

டிஸ்க்கை போட்டதும் உள்ள வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் தெரியும். அதுக்குள்ள ஐஎஃப்ஓ, பியூபி, விஓபின்னு மூணு வகை ஃபைல் இருக்கும். படம் இருக்குறது விஓபில, ஒவ்வொண்ணும் 1 ஜிபியைத் தாண்டாம துண்டு துண்டா இருக்கும். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஒரு ஒரு விஓபியா எடுத்து தனித்தனியா மாத்துறாங்க, அப்புறம் பார்த்தா மாப்பிள்ளை அழைப்பு நடுவுல வெட்டுப்பட்டு நிக்குது, சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் ஓடுது. அந்த துண்டுகளை எந்த வரிசையில கோக்கணும்ங்குற விவரம் ஐஎஃப்ஓ ஃபைல்லதான் இருக்கு, அதனால முழு ஃபோல்டரையும் சேர்த்துதான் எடுக்கணும்.

முதல் வேலை, எதையும் மாத்தாதீங்க, சுருக்காதீங்க. அந்த முழு ஃபோல்டரையும் அப்படியே லேப்டாப்புக்கு காப்பி பண்ணிடுங்க. இல்லன்னா இம்ஜ்பர்ன் (ImgBurn) மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல டிஸ்க்கை ஐஎஸ்ஓன்னு ஒரே ஃபைலா எடுத்து வைங்க (இன்ஸ்டால் பண்ணும்போது கூடவே வேற ஏதாவது போடவான்னு கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க). ரெண்டு டிஸ்க்குக்கும் இதை முடிச்சு, வி.எல்.சி. பிளேயர்ல போட்டு கடைசி வரைக்கும் ஓடுதான்னு பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, கல்யாண வீடியோகாரங்க குடுத்த டிஸ்க் கடையில விக்கிற சினிமா டிஸ்க் மாதிரி அச்சு அடிச்சது கிடையாது. அது எழுதுற டிஸ்க், உள்ள ஒரு சாயப்படலம் இருக்கு, லேசர் அந்த சாயத்தைத்தான் சுட்டு எழுதுது. வெயில், சூடு, ஈரம் பட்டு வருஷம் ஆக ஆக அந்த சாயம் கெடும். 2007ல எழுதின டிஸ்க் இன்னிக்கு ஓடுது, சரி, அடுத்த பொங்கலுக்கும் ஓடும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. சுருக்குற வேலையை எத்தனை தடவை வேணா திருப்பி பண்ணிக்கலாம். டிஸ்க்ல இருந்து எடுக்குற வேலைக்கு மட்டும்தான் அவசரம்.

காப்பி ஆனதும் ஹேண்ட்பிரேக்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், 2003ல இருந்து இருக்குறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். அதோட சொந்த சைட்ல இருந்தே இறக்குங்க. திறந்து அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டரைக் காட்டினா உள்ள இருக்குற டைட்டில் எல்லாம் லிஸ்ட் ஆகும், அதுல நேரம் அதிகமா இருக்குறதுதான் மெயின் படம், சின்னச் சின்னதா இருக்குறது மெனு, பாட்டு அந்த மாதிரி. பிரிசெட் (முன்கூட்டியே செட் பண்ணி வச்ச அளவுங்க) லிஸ்ட்ல 576பி25ன்னு முடியுறதை எடுங்க, நம்ம ஊர் கேமரா எல்லாம் பேல்ங்குற நம்ம ஊர் டிவி முறையில செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல (தனித்தனி படம்) எடுத்தது, 720க்கு 576 சைஸ். எம்பி4ன்னு வச்சு ஸ்டார்ட் அமுக்குங்க, போன், டிவி ரெண்டுலயும் ஓடும். ரெண்டு மணி நேர வீடியோ சுமாரான லேப்டாப்லயே ராத்திரி சமையல் முடியுறதுக்குள்ள முடிஞ்சுடும். ஒண்ணு மட்டும், மெத்தை மேல வச்சுக்கிட்டு பண்ணாதீங்க, இந்த வேலை நடக்கும்போது பிராசசர் முழுசா உழைக்கும், கத்திரி வெயில்ல காத்து போற வழியை அடைச்சா தானா ஆஃப் ஆயிடும். மேஜை மேல வச்சு ஃபேனைப் போட்டு விடுங்க.

கல்யாண டிவிடி ரெண்டரை மணி நேரம். பென்டிரைவ்ல நிறைய பேருக்கு போட்டு குடுக்கணும், 700 எம்பிக்குள்ள கொண்டு வரணும். நெட்ல படமெல்லாம் அந்த சைஸ்லதானே வருது? என்ன செட்டிங் வைக்கணும்?
*வாசகர், மதுரை*

700 எம்பிங்குற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. அது ஒரு சிடியோட கொள்ளளவு. டிவ்எக்ஸ், எக்ஸ்விட்ங்குற பழைய சுருக்குற முறைங்க இருந்த காலத்துல ஒரு படத்தை ஒரு சிடில அடக்கணும்னு வந்த கணக்கு அது. இன்னிக்கு உங்க பென்டிரைவே 32 ஜிபி, 64 ஜிபி இருக்கும்போது அந்த கணக்குக்கு ஏன் கட்டுப்படணும்?

கணக்கு போட்டே பார்ப்போம். ரெண்டரை மணி நேரம்னா 9,000 செகண்ட். 700 எம்பியை அதுல பிரிச்சா செகண்டுக்கு சுமார் 620 கிலோபிட், அதுல சத்தத்துக்கு 128 போனா படத்துக்கு 490 சொச்சம்தான் மிச்சம். அதே ரெண்டரை மணி நேரம் உங்க டிவிடில 4.7 ஜிபியை முழுசா நிரப்பி இருந்துச்சுன்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 4,200 கிலோபிட். டிவிடில இருக்குறது எம்பெக்2, பழைய முறை, நீங்க மாத்தப் போற எச்.264 2003ல வந்தது, அதே தரத்துக்கு கிட்டத்தட்ட பாதி போதும்னு சொல்லுவாங்க. சரி பாதியாக்கினாலும் 2,000 வருது. நீங்க கேக்குறது 490.

சினிமாவை அந்த சைஸ்ல பார்த்தப்போ தாங்குச்சேன்னு கேப்பீங்க. சினிமா நல்ல லைட்டிங்ல, ஸ்டாண்ட் போட்ட கேமராவுல எடுக்குறது, பின்னாடி சுவர் அசையாது, ஆள் மட்டும் பேசுவாங்க. கம்ப்ரெஸ் பண்றதோட அடிப்படையே, போன ஃப்ரேம்ல இருந்து என்ன மாறுச்சோ அதை மட்டும் எழுதுறதுதான். மாறாத இடம் கிட்டத்தட்ட சும்மாவே போயிடும். கல்யாணத்துல எதுங்க மாறாம இருக்கு? கையில பிடிச்ச கேமரா ஆடும், ஹோமப்புகை ஓடும், பட்டுப்புடவை ஜரிகை ஒவ்வொரு ஃப்ரேம்லயும் வேற வேற இடத்துல மின்னும். தாலி கட்டுற நேரம் வந்துச்சுன்னா கெட்டிமேளம் கொட்ட, நாலா பக்கத்துல இருந்தும் அட்சதை பறக்கும், அதே நேரம் போட்டோகாரர் ஃபிளாஷ் அடிப்பார், முழு ஃப்ரேமும் வெள்ளையாகித் திரும்பும். பிட்டு அதிகமா தேவைப்படுற நிமிஷம் முழு வீடியோவுலயும் அதுதான். குறைஞ்ச பிட்ரேட்ல (செகண்டுக்கு குடுக்குற பிட் அளவு) முதல்ல கட்டம் கட்டமா உடையுறதும் சரியா அந்த நிமிஷம்தான்.

இது எனக்கு நடந்ததுங்க. அக்கா கல்யாண டிவிடியை 2006ல நானேதான் மாத்தினேன், ஹார்ட் டிஸ்க் 40 ஜிபிதான் இருந்துச்சு, ஒவ்வொரு எம்பியும் பெருசா தெரிஞ்ச காலம், 600 எம்பியா சுருக்கி வச்சேன். நல்லாத்தானே இருக்குன்னு டிஸ்க்கை சொந்தக்காரங்க யாரோ கேட்டாங்கன்னு குடுத்தாச்சு, அது திரும்பி வரல. தாலி கட்டும்போது மணமக்களுக்கு பின்னாடி எங்க அப்பத்தா நின்னு ரெண்டு கையாலயும் அட்சதை போடுவாங்க, அவங்க இருக்குற ஒரே வீடியோ அதுதான். அந்த இடத்துல அவங்க முகம் நாலஞ்சு பழுப்பு கட்டம். எந்த சாஃப்ட்வேராலயும் அதைத் திருப்பி கொண்டு வர முடியாது, ஏன்னா அந்த விவரத்தை நானே தூக்கி போட்டுட்டேன், அது ஃபைல்ல இல்லவே இல்ல. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் முதல்ல டிஸ்க்கை அப்படியே காப்பி எடுன்னுதான் சொல்றேன்.

அதனால சைஸை முடிவு பண்ணிட்டு தரத்தை அதுக்குள்ள திணிக்காதீங்க, தரத்தை முடிவு பண்ணுங்க, சைஸ் என்ன வருதோ வரட்டும். ஹேண்ட்பிரேக்ல வீடியோ பகுதியில கான்ஸ்டன்ட் குவாலிட்டின்னு ஒரு நகர்த்துற கோடு இருக்கு, ஆர்எஃப் நம்பர்னு சொல்லுவாங்க. நம்பர் குறைய குறைய தரம் கூடும், சைஸும் கூடும், சுமாரா 6 குறைச்சா சைஸ் ரெண்டு மடங்காகும். டிவிடி சைஸ் வீடியோவுக்கு 18ல இருந்து 22 வரைன்னு ஹேண்ட்பிரேக்காரங்களே சொல்றாங்க. கல்யாணத்துக்கு நான் 18 இல்ல 19தான் வைப்பேன், சினிமாவுக்கு 20, 21 போதும். இந்த முறையில அசையாத இடத்துல கொஞ்சமா எழுதி, அட்சதை பறக்குற இடத்துல தேவையான அளவு அள்ளிக் குடுக்கும். ஃபைல் 2 ஜிபி பக்கம் வரலாம், கேமராவுல புள்ளி புள்ளியா நாய்ஸ் அதிகம்னா அதுக்கு மேலயும் போகும், போகட்டும்.

முழுசா ஓட விடுறதுக்கு முன்னாடி தாலி கட்டுற ரெண்டு நிமிஷத்தை மட்டும் மாத்தி பாருங்க. மேல சேப்டர்னு இருக்குற இடத்தை செகண்ட்ஸ்னு மாத்தி ஆரம்பம், முடிவு குடுத்தா அந்த துண்டு மட்டும் வரும். அதை டிவில போட்டு பாருங்க, போன்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க, சின்ன ஸ்கிரீன்ல எல்லாமே நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். அந்த ரெண்டு நிமிஷம் நல்லா வந்துச்சுன்னா மிச்சம் ரெண்டரை மணி நேரமும் நல்லாவே வரும்.

சொந்தக்காரங்களுக்கு குடுக்க சின்னதா வேணும்னா அதுக்குன்னு தனியா 23, 24ல ஒண்ணு போட்டுக்கோங்க. வீட்டு காப்பி வேற, ஊருக்கு குடுக்குற காப்பி வேற.

மாத்தின வீடியோல யாராவது நடந்தா கையைச் சுத்தி சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா வருது. டிஸ்க்ல போட்டு டிவில பார்த்தப்போ இப்படி இல்ல. டிஸ்க் போயிடுச்சா?
*வாசகர், திண்டுக்கல்*

டிஸ்க் நல்லாதான் இருக்கு. அந்தக் கால வீடியோ கேமரா ஒரு முழு படத்தை ஒரே நேரத்துல எடுக்காது, முதல்ல 1, 3, 5ன்னு ஒத்தைப்படை வரிங்க, அம்பதுல ஒரு செகண்ட் கழிச்சு 2, 4, 6ன்னு இரட்டைப்படை வரிங்க, ரெண்டையும் கோத்து ஒரு ஃப்ரேம். குண்டு டிவில அதே மாதிரி மாத்தி மாத்திதான் வரையும், அதனால கண்ணுக்கு தெரியல. கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒண்ணா காட்டும்போது, அந்த இடைவெளில கை நகர்ந்துடுச்சு இல்லையா, அந்த நகர்ந்த அளவுதான் சீப்பா தெரியுது.

ஹேண்ட்பிரேக்ல ஃபில்டர்ஸ் பகுதியில டீஇன்டர்லேஸ்னு இருக்கு. அதை ஆன் பண்ணாம சுருக்கிட்டீங்கன்னா அந்த கோடுங்க படத்தோடவே ஒட்டி நிரந்தரமாயிடும், அது மட்டும் இல்ல, அந்த கோடு ஒவ்வொண்ணையும் விவரம்னு நினைச்சு பிட்டை எல்லாம் அதுல செலவு பண்ணிடும், சைஸ் ஏறி தரம் இறங்கும். டீகோம்ப்னு இருக்குறதை எடுத்தா சீப்பு வர்ற ஃப்ரேம்ல மட்டும் சரி பண்ணும். ஆனா கல்யாண வீடியோவுக்கு நான் சொல்றது பாப்ங்குற ஆப்ஷன். அது ஒத்தை வரியை ஒரு ஃப்ரேமாவும் இரட்டை வரியை ஒரு ஃப்ரேமாவும் பிரிச்சு செகண்டுக்கு 50 ஃப்ரேம் ஆக்கும். கேமரா நிஜமா பார்த்தது செகண்டுக்கு 50 தடவைதான், அதுல பாதியை ஏன் இழக்கணும்? டிவில பார்த்த அதே வழுவழுப்பு திரும்பி வரும். பக்கத்துல வீடியோ பகுதியில ஃப்ரேம் ரேட்னு இருக்குறதை மறக்காம 50ன்னு வைங்க, 576பி25 பிரிசெட்ல அது 25ன்னு இருக்கும், அப்படியே விட்டா பாப் பண்ணினதுல பாதியை மறுபடி தூக்கிடும்.

சினிமா டிஸ்க்குக்கு இது வேணாம். ஃபிலிம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், பேல் டிஸ்க்ல அதை 25ஆ லேசா வேகமா ஓட்டியிருப்பாங்க, அதனாலதான் தியேட்டர்ல 150 நிமிஷம் ஓடின படம் பேல் டிஸ்க்ல 144 நிமிஷத்துல முடியும். என்டிஎஸ்சி (அமெரிக்கா பக்கத்து டிவி முறை) டிஸ்க்னா டீடெலிசின்னு வேற ஒரு ஃபில்டர் இருக்கு, அதுதான் அதுக்கு மருந்து.

எங்க கிட்ட இருக்குறது டிவிடி இல்ல, மூணு விசிடி. காப்பி பண்ணினா பாதில நின்னு போய் சைக்ளிக் ரிடன்டன்சி எரர்னு வருது. ஆனா பிளேயர்ல போட்டா கொஞ்சம் கட்டம் கட்டமா வந்தாலும் ஓடிடுது. டூத் பேஸ்ட் போட்டு தேச்சா சரியாகும்னு தம்பி சொல்றான்.
*வாசகி, நாகர்கோவில்*

டூத் பேஸ்ட்டை தொடவே விடாதீங்க. அது தேய்க்கிற பொருள், புது கீறல்தான் போடும். சிடி வகையில விவரம் இருக்குற படலம் எழுத்து அச்சடிச்ச மேல் பக்கத்துக்கு நேர் கீழதான் இருக்கு, மெல்லிசா ஒரு வார்னிஷ் மட்டும்தான் காவல், அதனால மேல் பக்கம் பேனாவால எழுதினாக் கூட போயிடும். டிவிடில அந்த படலம் ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கு, கொஞ்சம் பரவால்ல. சாதா தண்ணில நனைச்ச மெத்துன்னு பருத்தித் துணி, நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. கீறல் விழுந்தா வட்டமா விழக் கூடாது, லேசர் அந்த வட்டத்துலதான் ஓடுது.

ஏன் பிளேயர்ல ஓடுது, காப்பி ஆக மாட்டேங்குது? விசிடி 1993ல வந்த முறை, 352க்கு 288 சைஸ், எம்பெக்1. 74 நிமிஷத்தை ஒரே சிடில அடக்கணும்ல, அதுக்காக சாதா டேட்டா சிடில பிழை திருத்தத்துக்குன்னு ஒதுக்குற இடத்தையும் படத்துக்கே குடுத்துட்டாங்க. டேட்டான்னா ஒரு செக்டருக்கு (சிடில ஒரு சின்ன துண்டு) 2,048 பைட், விசிடின்னா 2,324. அதனாலதான் 650 எம்பி புடிக்கிற 74 நிமிஷ சிடில 740 எம்பி கிட்ட விசிடி நிக்குது. படத்துல ஒரு கட்டம் உடைஞ்சா என்ன, அடுத்த செகண்ட்ல சரியாயிடும்னு பிளேயர் தாண்டிப் போகும். கம்ப்யூட்டர் அப்படி இல்ல, காப்பின்னா ஒரு பைட் தப்பினாலும் நிறுத்திடும்.

வழி இருக்கு. முதல்ல வேற வேற டிரைவ்ல போட்டு பாருங்க, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும், பழைய டெஸ்க்டாப் டிரைவ்ங்க இதுல கெட்டிக்காரங்க. அப்புறம் ஐசோபஸ்டர்னு ஒரு சாஃப்ட்வேர், படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மிச்சத்தை எடுத்துக் குடுக்கும். டிவிடின்னா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ இருக்கு, அது நல்ல இடத்தை எல்லாம் முதல்ல வாரிக்கிட்டு, எது எது வரலன்னு ஒரு குறிப்பு ஃபைல்ல எழுதி வச்சு, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். நடுவுல நிறுத்திட்டு நாளைக்கு வேற டிரைவ்ல அதே டிஸ்க்கைப் போட்டு விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ராத்திரி முழுக்க ஓடட்டும்னு விட்டுடுங்க, பொறுமைதான் வேணும்.

எடுத்த டேட் ஃபைலை (விசிடில படம் இருக்குறது அதுலதான்) வி.எல்.சி. அப்படியே ஓட்டும். விசிடியை மேற்கொண்டு சுருக்காதீங்க, அது ஏற்கனவே செகண்டுக்கு 1,150 கிலோபிட்ல நசுங்கினது, மறுபடி கசக்கினா முகத்துல ஒண்ணும் மிஞ்சாது. டிவில ஓடலன்னா மட்டும் ஆர்எஃப் 18ல எம்பி4 ஒண்ணு போட்டுக்கோங்க, மூல ஃபைலை அப்படியே வச்சுக்கோங்க.

மாத்தும்போதே 1080பின்னு வச்சா கிளியர் ஆகும்ல?
*வாசகர், ஓசூர்*

ஆகாது. டிவிடி ஃப்ரேம்ல இருக்குற புள்ளி 4,14,720. 1080பில 20,73,600, சரியா அஞ்சு மடங்கு. மீதி நாலு பங்கு புள்ளியை எங்கிருந்து கொண்டு வரும், பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஊகிச்சு நிரப்பும், அவ்வளவுதான். அந்த வேலையை உங்க டிவியே ஓட்டும்போது பண்ணிக்குது. ஃபைல் பெருசாகும், வேற பலன் இல்ல. 576லயே விடுங்க.

காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் சினிமா டிவிடி ஒரு பீரோ நிறைய வச்சிருக்கேன். ஹேண்ட்பிரேக்ல போட்டா பச்சையும் ஊதாவுமா கட்டம் வருது, சில டிஸ்க் திறக்கவே மாட்டேங்குது. என் சொந்த டிஸ்க்தானே, ஏன்?
*வாசகர், சேலம்*

கடையில விக்கிற டிஸ்க் பலதுல சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு போட்டிருப்பாங்க, விஓபில இருக்குறதை கலைச்சு எழுதியிருக்கும், சாவி இல்லாம படிச்சா நீங்க பார்த்த கட்டம்தான் வரும். ஹேண்ட்பிரேக் தானா அந்தப் பூட்டைத் திறக்காது. 40 பிட் சாவிதான், 1999லயே நார்வேல ஜான் லெக் ஜோஹன்சன்ங்குற பையன் சம்பந்தப்பட்ட டிசிஎஸ்எஸ்னு ஒரு புரோகிராம் வெளிய வந்து அது உடைஞ்சு போச்சு, அவர் மேல கேஸ் போட்டு 2003ல குற்றம் இல்லைன்னு அந்த ஊர் கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. வி.எல்.சி. டிஸ்க்கை ஓட்டுறதே அதுக்கப்புறம் எழுதின ஒரு துணை புரோகிராமை வச்சுதான்.

நம்ம நாட்டு சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல 65ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, உரிமையை மீறணும்ங்குற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. அதுல நோக்கம்ங்குற வார்த்தை முக்கியம். இன்னொரு பக்கம் 52வது பிரிவுல சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கும் இருக்கு. இது ரெண்டுக்கும் நடுவுல உங்க பீரோ எங்க நிக்குதுன்னு சொல்ற இடத்துல நான் இல்ல, அது வக்கீல் வேலை. ஆனா மாத்தின ஃபைலை நண்பர்களுக்கு குடுக்குறது, குரூப்ல போடுறது, இதெல்லாம் சந்தேகமே இல்லாம தப்பு, அந்தப் படத்துல வேலை செஞ்ச அத்தனை பேரோட உழைப்பு அது. பூட்டு இல்லாத டிஸ்க் இருந்தா மேல சொன்ன வழியே போதும். சினிமா டிஸ்க் அச்சு அடிச்சதுங்குறதால எழுதுற டிஸ்க்கை விட ரொம்ப நாள் தாங்கும், அந்தப் படமும் வேற எங்கயாவது கிடைக்கும். உங்க தங்கச்சி வளைகாப்பு டிஸ்க் வேற எங்கயும் கிடைக்காது, முதல்ல அதை எடுத்து வைங்க.

டிரைவ் ரீஜன் (டிஸ்க் எந்தெந்த நாட்டுக்குன்னு பிரிச்ச மண்டல நம்பர்) மாத்தவான்னு கேட்டுச்சுன்னா அவசரப்பட்டு ஓகே அமுக்காதீங்க. இந்தியா ரீஜன் 5, மொத்தமா அஞ்சு தடவைதான் மாத்த விடும், அதுக்கப்புறம் கடைசியா வச்சதுலயே நின்னுடும்.

மாத்தின ஃபைல் கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவில சொருகினா படம் வருது சத்தம் வரல. இன்னொரு ஃபைல் 5 ஜிபி, பென்டிரைவ்ல ஏறவே மாட்டேங்குது, இடம் நிறைய இருந்தும்.
*வாசகர், புதுச்சேரி*

ரெண்டும் வேற வேற கோளாறு. டிவிடில சத்தம் பெரும்பாலும் டால்பி ஏசி3, சிலதுல டிடிஎஸ். அதை அப்படியே விடுன்னு பாஸ்த்ரு வச்சு மாத்தியிருப்பீங்க, உங்க டிவிக்கு அந்த வகை படிக்கத் தெரியல. ஆடியோ பகுதியில ஏஏசி ஸ்டீரியோன்னு ஒரு டிராக் முதல்ல வைங்க, 160 கிலோபிட் தாராளம், ஏசி3 வேணும்னா ரெண்டாவது டிராக்கா இருக்கட்டும். பென்டிரைவ் விஷயம், அது ஃபேட்32ல ஃபார்மேட் ஆகியிருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ள இருக்குறதை வேற இடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபேட்னு ஃபார்மேட் பண்ணுங்க, ஆனா பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டை படிக்காது, அப்போ ஃபைலை ரெண்டா பிரிச்சுதான் ஆகணும்.

முகம் எல்லாம் குண்டா தெரியுதுன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. 2007க்கு முன்னாடி எடுத்த கல்யாணம் எல்லாம் அனேகமா 4க்கு 3 சதுர வாட்டம், அதை அகல டிவி இழுத்துக் காட்டுது. டிவி ரிமோட்ல பிக்சர் சைஸை ஆட்டோன்னு வைங்க. மாத்தும்போது ஹேண்ட்பிரேக்ல அனமார்பிக்னு இருக்குறதை ஆட்டோல விட்டுடுங்க, நீங்களா நம்பர் போட்டு இழுக்காதீங்க, ரெண்டு பக்கம் கருப்பு வந்தா வரட்டும்.

எச்.265 வச்சா பாதி சைஸ்ல முடியுதாமே?
*வாசகி, வேலூர்*

2013ல வந்தது, பெரிய 4கே வீடியோவுக்கு அது நல்லா கை குடுக்கும். டிவிடி சைஸ்ல லாபம் அவ்வளவு தெரியாது, மாத்த நேரம் அதிகம், சித்தப்பா வீட்டு பழைய டிவில ஓடாது. எச்.264 எங்க போனாலும் ஓடும். கிராபிக்ஸ் கார்டை வச்சு வேகமா மாத்துற ஆப்ஷனும் வேணாம், அதே சைஸ்ல தரம் குறையும், கல்யாணத்தை ஒரு தடவைதானே மாத்தப் போறோம்.

எல்லாம் மாத்தியாச்சு. இனி டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடலாமா?
*வாசகர், ஈரோடு*

போடாதீங்க. ஐஎஸ்ஓ ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும், ரெண்டும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது, ஒண்ணு அண்ணன் வீட்லயோ தங்கச்சி வீட்லயோ இருக்கட்டும். முழுசா நிரம்பின டிஸ்க்கே 4.7 ஜிபிதான், 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல 200 டிஸ்க்குக்கு மேல போகும், ஒரு குடும்பத்தோட எல்லா விசேஷமும் அடங்கிடும். டிஸ்க்கை டப்பாவுல செங்குத்தா நிறுத்தி, வெயில் படாத பீரோவுல வைங்க, மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, அது ஒரு பக்கம் கனமாகி டிரைவ்ல ஆடும்.

அப்பா வாங்கின கேமராவுல சின்ன டிவிடிதான் போடுவோம். தம்பி பிறந்தப்போ எடுத்த அஞ்சு டிஸ்க் இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்னு சொல்லுது. ஆனா அடிப்பக்கம் பார்த்தா எழுதின வளையம் நல்லா தெரியுது. எல்லாம் அழிஞ்சுடுச்சா அண்ணா?
*வாசகி, கோயம்புத்தூர்*

அழியலம்மா. நீங்க பார்த்த அந்த வளையம்தான் சாட்சி. அந்த 8 சென்டிமீட்டர் டிஸ்க்ல 1.4 ஜிபி புடிக்கும், எடுத்து முடிச்சதும் கேமராவுல ஃபைனலைஸ்னு ஒண்ணு குடுக்கணும், அப்போதான் உள்ள என்ன எங்க இருக்குன்னு பட்டியலை எழுதி டிஸ்க்கை மூடும். பொறந்த குழந்தையை கையில வச்சுக்கிட்டு இருக்குற வீட்ல அதை யார் ஞாபகம் வச்சு பண்ணுவாங்க? பட்டியல் இல்லாததால கம்ப்யூட்டர் காலின்னு சொல்லுது, படம் உள்ள இருக்கு.

விண்டோஸ் டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், கேன்சல் குடுங்க. சொருகு ஓட்டை மாதிரி இருக்குற டிரைவ்ல இந்த சின்ன டிஸ்க்கை விடாதீங்க, உள்ள மாட்டிக்கும், தட்டு வெளிய வர்ற டிரைவ்தான் வேணும், தட்டு நடுவுல இதுக்குன்னே சின்ன பள்ளம் இருக்கும். அந்த பழைய கேமரா பரண்ல இருந்தா அதுதான் சுலபமான வழி, அதே கேமராவுல டிஸ்க்கை போட்டு ஃபைனலைஸ் குடுங்க, நடுவுல பேட்டரி தீர்ந்தா டிஸ்க் போயிடும், அதனால கட்டாயம் சார்ஜர் ஒயரைச் சொருகிக்கிட்டுதான் பண்ணணும். கேமரா இல்லன்னா மேல சொன்ன ஐசோபஸ்டர் ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கையும் படிக்கும். அஞ்சுல எதுல படம் முக்கியம் இல்லையோ அதை முதல்ல போட்டு பழகிட்டு, தம்பி பிறந்த நாள் டிஸ்க்கை கடைசியா எடுங்க. கேமராவோட சார்ஜர் கிடைச்சுதான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, கிடைக்கலன்னா கேமரா அடியில ஒட்டியிருக்குற மாடல் நம்பரையும் எத்தனை வோல்ட்ங்குறதையும் சேர்த்து எழுதுங்க, எது பொருந்தும்னு பார்த்து சொல்றேன்.